"ஆம்" என்று முடியும் வாக்கியம்

விவரக்கோவை கணினிக்குப் போகிறது. இதைச் சொல்ல அலுவலகத்து இளையவர்கள் இருவர் கிளமெண்டியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்தார்கள். இனி ஒருவர் மேசையில் உட்கார்ந்து தாள் தாளாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லையாம்.

இல்லை, இப்படி எழுதக் கூடாது. "வேண்டியதில்லை" என்று அவர்களே என் முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ ஒரு திரையும் தொலைபேசிக் கம்பியும் இருந்தால் போதும். உறுப்பினர் எவரும் எவரைப் பற்றியும் தம் இடத்திலிருந்தே ஒரு வரி தட்டிச் சேர்க்கலாம். இன்னொருவர் அதை மாற்றலாம்.

"தப்பான வரியைச் சேர்த்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

அவர்கள் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஜெசிந்தா பதில் சொன்னாள். அவள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். "அழிச்சிடலாம் மா. ஒரு செகண்ட் வேலை லா."

தேநீரைக் குடித்து முடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கணினி புரியாத வயது என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு வந்தவளுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. காரணம் வேறு.

போகும்போது, ஆண்டு மலருக்கு "இனிய நினைவுகள்" எழுதித் தரச் சொன்னார்கள். இனிய நினைவுகளுக்கு ஆள் நிறைய உண்டு. நான் ஒரே ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போட வேண்டாம். போட்டால் ஒரு சொல்லையும் வெட்டாமல் போடுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விவரக்கோவை என்பது சிங்கப்பூரில் வாழும் தமிழர்களைப் பற்றிய குறிப்புநூல். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், தாதியர், தொழிற்சங்கத்தினர், பாடுபவர்கள், பொதுக்காரியத்துக்கு ஓடுபவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. வளையம் போட்ட தடித்த உறையில் தாள்கள் கோக்கப்பட்டிருக்கும். அவ்வப்போது மாற்றுத் தாள்கள் அனுப்புவோம். நூலகங்களும் சங்கங்களும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளும். அதை எழுதியது நாங்கள் அல்ல, ஊர். செம்பவாங்கில் ஒருவர், தஞ்சோங் பகாரில் ஒருவர், ஒவ்வொரு வழிபாட்டிடத்திலும் ஒருவர் என்று தகவலர்கள் இருந்தார்கள். படித்தவர் எவரும் திருத்தம் அனுப்பலாம். வருவதைச் சலித்து எடுப்பதுதான் டன்லப் ஸ்திரீட் மாடியில் எங்களுக்கு வேலை. கீழே மசாலா அரைக்கும் கடை. மிளகாய் அரைக்கும் நாளில் தும்மிக்கொண்டே பிழை பார்ப்போம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருமணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தபோது, தட்டெழுத்து வேலைக்கென்று சேர்ந்தேன். துணையாசிரியர் ஆனது எப்படி என்றால், என் முதல் ஆண்டில் ஒரு தலைமையாசிரியர் குடையோடு மாடிப்படி ஏறி வந்தார். அவர் "பள்ளியிலிருந்து நீங்கிய பின்" சமூகத் தொண்டு செய்கிறார் என்று எழுதியிருந்தது. அச்சில் "நீக்கிய பின்" என்று வந்துவிட்டது. ங் போய் க். மனிதர் கத்தவில்லை. குடையை மேசைமேல் வைத்து, "இந்த ஒரு எழுத்தை என் மருமகன் வீட்டுல வந்து விளக்குவீங்களா?" என்றார். நான் போனேன். விளக்கினேன். அதன்பின் பிழை பார்க்கும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தவர் விவரக்கோவையின் ஆசிரியர் சாகுல் சார். நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே இருக்கும் குடும்பம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு விவரக்கோவைக்கு வந்தவர். அவருக்குத் தமிழில் ஒரே ஒரு பகை இருந்தது. அது "ஆம்". "ஆமாம், இல்லை" என்னும்போது வருகிற ஆம் அல்ல. வந்தாராம், போனாராம், விட்டுவிட்டாளாம் என்று வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறதே, அந்த ஆம். தகவலர்கள் அனுப்பும் தாள்களில் அது எங்கே இருந்தாலும் சிவப்புப் பென்சிலால் சுழிப்பார். தாளைப் பார்த்தே, "யாராம்? யார் சொன்னாங்களாம்?" என்று கேட்பார். தாள் பதில் சொல்லும்வரை காத்திருப்பவர்போல் ஒரு கணம் இருப்பார். பிறகு அடிப்பார்.

"கோர்ட்ல ஒருத்தன் 'அடிச்சானாம்'னு சொல்லுவான், ஸ்டெல்லா. இங்கிலீஷ்ல நான் என்னன்னு சொல்றது? 'அடிச்சான்'னா பொய். 'கேள்விப்பட்டேன்'னா ஜட்ஜ் அவனைக் கூண்டுல இருந்து இறக்கி விட்டுடுவார். அந்த ரெண்டு எழுத்துல ஒருத்தன் கழுத்து மாட்டியிருக்கும் லா."

அவர் வகுத்த விதி இது. உயிரோடு இருப்பவரைப் பற்றி, அவர் மனம் புண்படக்கூடிய எதுவும் வந்தால், கண்ணால் கண்ட மூன்று பேர் ஆம் போடாமல் அதைச் சொல்ல வேண்டும். "மூணு வாய்" என்போம். மூன்று வாய் இல்லையென்றால் வரி கிடையாது. விசாரிப்பதும் அவரேதான். தொலைபேசியில் பேசும்போது நின்றுகொள்வார். வணக்கம் சொல்ல மாட்டார். கேள்வி ஒன்றுதான். "ஆமா" என்று கேட்ட உடனே ரிசீவரை வைத்துவிடுவார். சாட்சி அதற்குமேல் பேசினால் உளறிவிடுவான் என்பது அவர் பழகிய நீதிமன்ற வழக்கம். அலுவலகத்தில் ஒரு கேலி இருந்தது. சார் வீட்டில் சாப்பாடு ஆயிற்றா என்று ஃபோனில் கேட்டால் அவர் மனைவி ஆமா என்று சொல்லவே பயப்படுவார், சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று.

இனி அந்த வரி.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், மங்களம் என்பவர் பெண்கள் விடுதி நடத்தினார். அந்த நாளில் மலேசிய ரப்பர் தோட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகள் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருவார்கள். பள்ளிப்படிப்பை விட்டுப் பத்து மாதம்கூட ஆகியிருக்காது. பெற்றோர் மங்களத்தின் முகத்தைப் பார்த்துத்தான் அவர்களை எல்லை தாண்ட விட்டார்கள். அவர் சமைப்பார், பிள்ளைகளை வேனில் ஏற்றுவார், இறங்கும் நேரத்தில் வாசலில் நிற்பார், பிந்தினால் தெரு கேட்கத் திட்டுவார். விவரக்கோவையில் அவருக்குச் சின்னதாக ஒரு பத்தி இருந்தது.

அந்தப் பத்தியில் சேர்க்கச் சொல்லி துரைராஜு ஒரு வரி அனுப்பினார். அவர் விவரக்கோவையை நடத்தும் செயலவையில் உறுப்பினர். புடவைக் கடைக்காரர். அந்த வட்டாரத்துக்குத் தகவலரும் அவரே. கெட்ட எண்ணத்தோடு அனுப்பினார் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் எழுதவில்லை. வரி இதுதான்: "இவரது விடுதிக்குக் காவல்துறை வந்து விசாரித்ததாம்."

சாகுல் சார் ஆம்-ஐச் சுழித்தார். தொலைபேசியருகே போய் நின்றார். மூன்று எண்களைச் சுழற்றினார். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: "மங்களம் விடுதிக்கு போலீஸ் வந்துச்சாமே?" மூன்று முறையும் ரிசீவரை வைத்தார். திரும்பி வந்து, "மூணு வாய்" என்றார். ஆம்-ஐ அடித்தார். இப்போது வரி, "இவரது விடுதிக்குக் காவல்துறை வந்து விசாரித்தது" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றது. வதந்தி விவரமாகிவிட்டது.

"எதைப் பத்தி விசாரிச்சாங்க சார்?" என்றேன்.

"அது நமக்கு வேணாம். நடந்தது நடந்துச்சு."

"பொம்பளப் பிள்ளைங்க தங்குற எடம் சார். போலீஸ்னு படிச்சா ஜனங்க என்ன நெனப்பாங்க?"

"நெனப்பை நான் அச்சடிக்கல லா. நடந்ததை அச்சடிக்கிறேன்."

தாள் அச்சுக்கோப்பவரிடம் போயிற்று.

அந்த ஞாயிறு பூசை முடிந்து தேவாலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தா அப்போது சின்னவள், என் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பிலோமினா வந்தார். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்காரர், எங்கள் தேவாலயப் பங்கில் எல்லாருக்கும் தெரிந்தவர். சார் கூப்பிட்ட மூன்று பேரில் ஒருவர் அவர்.

"ஸ்டெல்லா, உங்க ஆபீஸ்காரருக்கு மரியாதையே தெரியாதா? ஃபோன் பண்ணி, நான் பேசிக்கிட்டிருக்கும்போதே வெச்சுட்டாரு."

"நீங்கதான் ஆமான்னு சொல்லிட்டீங்களே அக்கா."

"யாரு சொன்னா? மங்களம் வீட்டுக்கு போலீஸ் வந்துச்சாமேன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'ஆமாவா?'ன்னு கேட்டேன். டக்குன்னு வெச்சுட்டாரு!"

ஆமாவா. முதல் இரண்டு எழுத்து சார் காதில் விழுந்திருக்கிறது. மூன்றாவது எழுத்து விழும்போது ரிசீவர் கீழே இருந்தது.

"அப்ப உங்களுக்கு முன்னாடி தெரியாதா?"

"உங்க ஆபீஸ் சொல்லித்தானே எனக்கே தெரியும். மலேசியால, குளுவாங்ல என் நாத்தனார் இருக்கிற தோட்டத்துப் பொண்ணு ஒண்ணு அங்கதானே தங்கியிருக்கு, வசந்தான்னு. உடனே நாத்தனாருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். பெத்தவங்களுக்குத் தெரியணும்ல? உனக்கும் ஒரு பொண்ணு இருக்கே, நீயே சொல்லு."

எனக்கும் ஒரு பெண் இருந்தாள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் ஃபோன் பண்ணியிருப்பேன். அதுதான் என்னை உலுக்கியது. இதில் பொய் சொன்னவர் என்று ஒருவருமே இல்லை.

திங்கட்கிழமை மற்ற இருவரையும் நானே கூப்பிட்டேன். ஒருவர் பக்கத்துக் கடைக்காரர். போலீஸ் வண்டி நின்றதைக் கண்ணால் பார்த்தவர். இன்னொருவருக்கும் எங்கள் தொலைபேசி வந்த பிறகுதான் தெரியும். "ஆமா, இப்ப நீங்க சொல்றீங்களே" என்று அவர் தொடங்கியிருக்கிறார். ஆமா-வோடு தொடர்பு அறுந்துவிட்டது.

சாகுல் சாரிடம் சொன்னேன். அவர் தொலைபேசியருகே போனார், ரிசீவரை எடுத்தார், திரும்ப வைத்தார். முதன்முறையாக அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒரே வாய்தானா?"

"ஒரே வாய் சார். மத்த ரெண்டும் நம்ம வாய்."

அவர் கோபக்காரர். என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். "தாளை நிறுத்து" என்று மட்டும் சொன்னார்.

தாள் நின்ற செய்தி துரைராஜுவுக்கு எப்படியோ எட்டியது. படியேறி வந்தார். தும்மிக்கொண்டே கத்தினார். கீழே மிளகாய் நாள்.

"போலீஸ் வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல? உண்மையை ஏன் மறைக்கிறீங்க? அவ என்ன உங்க சொந்தக்காரியா?"

"அவங்ககிட்டயே கேக்கலாம் சார்" என்றேன்.

"அவகிட்டயா? நல்லா இருக்கே! திருடன்கிட்ட போய், ஐயா நீங்க திருடினீங்களான்னு கேப்பீங்களா?"

"யாரைப் பத்தி எழுதறோமோ அவங்களை விட்டுட்டு ஊரையெல்லாம் கேட்டுட்டோம். இனிமே மொதல்ல அவங்களைத்தான் கேப்போம்."

இந்த விதி அன்று டன்லப் ஸ்திரீட் மாடியில், துரைராஜுவின் தும்மலுக்கு நடுவில் பிறந்தது. என்னை "முதல்ல-அவங்க" என்று பின்னாளில் இளையவர்கள் கிண்டல் செய்ததும் இதற்காகத்தான். செய்யுங்கள்.

நான் விடுதிக்குப் போனபோது மங்களம் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே அந்த வரியை வாசித்துக் காட்டினேன். கத்தி நிற்கவில்லை.

"அழிச்சிடறோம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"ஏன் அழிக்கணும்? வந்துச்சே."

"போலீஸா?"

"ஆமா. நான்தான் கூப்பிட்டேன். வேன் நிக்கிற எடத்துல தினம் ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டு பிள்ளைங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசறான். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை போலீஸுக்குப் போன் போட்டேன். வந்தாங்க, பேர் கேட்டாங்க, அவனை எச்சரிச்சாங்க, போனாங்க. இதுல நான் ஏன் ஒளியணும்?" கத்தியை அப்போதுதான் வைத்தார். "அழிச்சா என்ன ஆகும் தெரியுமா? 'மொதல்ல போட்டாங்க, அப்புறம் மங்களம் போய் அழுது எடுக்க வெச்சுட்டா'ன்னு ஆகும். நேத்து வசந்தா அப்பா போன் பண்ணிட்டாரு, வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு. அந்தாளுக்கு யாரு சொன்னா?"

எங்கள் அலுவலகத் தொலைபேசியிலிருந்துதான் கிளம்பியது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. போலீஸ் வந்துச்சு, மங்களம் கூப்பிட்டா வந்துச்சுன்னு. அவன் பேரையும் போடுங்க."

பெயரைச் சொன்னார். சிராங்கூன் ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கடையில் வேலை செய்பவன்.

"அவன் பேரைப் போட முடியாதும்மா."

"ஏன்?"

"வழக்கு இல்ல. தீர்ப்பு இல்ல. எச்சரிச்சாங்க, அவ்வளவுதான். அவன்கிட்ட நாங்க இன்னும் கேக்கல. கேட்டாலும் இந்தப் பத்தி உங்களைப் பத்தினது."

"அவனுக்கும் ஒரு பொண்டாட்டி பிள்ளை இருக்கும்னு சொல்லப்போறீங்க, அதானே?"

"இருந்தாலும் இல்லாட்டியும் போட மாட்டோம்."

"நல்ல நியாயம்! எம் பேரு ஊர் பூரா நாறலாம். அவன் பேரு மட்டும் பத்திரமா இருக்கணும். நீங்களும் அவன் பக்கம்தான்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்றார்.

"இருக்கா."

"அவளை அவன் தொட்டிருந்தா?"

இன்றும் அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. ஜெசிந்தா பாலிடெக்னிக் முடிந்து வீட்டுக்கு வரச் சற்றுத் தாமதமானால் அதுதான் முதலில் எழுந்து நிற்கும். அன்று நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தொட்டிருந்தா நான் போலீஸுக்குப் போவேன், நீங்க போன மாதிரி. விவரக்கோவையில எழுத மாட்டேன்."

அவர் கோபிஸைத் திரும்ப நறுக்கத் தொடங்கினார். போய்விடு என்று பொருள். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "என் வரியையாவது ஒழுங்கா எழுதுங்க!"

கல்நெஞ்சக்காரி என்று என்னை யாராவது சொல்வதானால் சொல்லட்டும். ஒருவரைக் காப்பாற்றும் விதி, அடுத்தவரையும் காப்பாற்ற வேண்டும். பிடித்தவருக்கு ஒன்று, பிடிக்காதவருக்கு ஒன்று என்றால் அது விதியல்ல, கட்சி. அந்த ஆளைத் தெருவில் பார்த்தபோதெல்லாம் எனக்குக் காறித் துப்பத் தோன்றியிருக்கிறது. தாளில் துப்பவில்லை.

அந்த வரியை எழுத ஒரு காலை முழுவதும் ஆயிற்று. சாகுல் சார் முதலில், "காவல்துறை அழைக்கப்பட்டது" என்று எழுதினார்.

"யாரால சார்?" என்றேன். "அழைக்கப்பட்டதுன்னா பக்கத்து வீட்டுக்காரன்கூடக் கூப்பிட்டிருக்கலாம்."

அடித்தார். "இவர் காவல்துறையை அழைத்தார்."

"எதுக்குன்னு இல்லையே. சண்டைன்னு நெனப்பாங்க."

"நீ கோர்ட்டுக்குப் போயிருக்கணும்" என்றார். அது பாராட்டா வசவா என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் என்பதா, பணிப்பெண்கள் என்பதா என்று வாதாடினோம். பணிப்பெண்கள் என்றால் வீட்டுவேலை என்று நினைப்பார்கள். "தொந்தரவு செய்த ஒருவர்மேல்" என்று அவர் எழுதினார். அந்த ஒருவர் யார் என்று ஊர் தேடும் என்றேன். எடுத்தார். கடைசியில் இப்படி நின்றது:

"தம் விடுதியில் தங்கித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களுக்குத் தெருவில் தொந்தரவு நேர்ந்தபோது, இவரே காவல்துறையை அழைத்து அவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்டார். (தகவல்: மங்களம், நேரில்.)"

இதை வாயால் மூன்று முறை வாசித்தோம். வரியின் வாலில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

செயலவையில் துரைராஜு, "இது விவரமா விளம்பரமா?" என்று கேட்டார். "அவளே சொன்னதை அவளைப் பத்தியே போடுறீங்க." வண்டியைக் கண்ட பக்கத்துக் கடைக்காரரின் வாயும் இருக்கிறது என்றேன். ஆனாலும் இன்னொரு கூட்டம்வரை தள்ளிவைக்கலாம் என்று தலைகள் ஆடின. தள்ளிவைத்தால் அதற்குள் வசந்தா ஊருக்குப் போய்விடுவாள். நான் எழுந்தேன். கூட்டத்தில் நான் குறிப்பெடுக்க மட்டுமே உட்கார்ந்திருந்தவள், பேச அனுமதி இல்லை.

"இந்தத் தாள் இந்த வாரம் போகலைன்னா, முகப்புத் தாள்ல இருக்கிற என் பேரை எடுத்துடுங்க" என்றேன்.

துரைராஜு, "உன் பேரைப் பார்த்தா சந்தா கட்டுறாங்க?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

சாகுல் சார் தலையைத் தூக்காமலே, "என் பேரையும்" என்றார்.

தாள் சனிக்கிழமை அச்சாகி வந்தது. மை சற்று ஈரம். உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மங்களத்திடம் ஓடினேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "வசந்தாவைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. குவீன் ஸ்திரீட்டுக்கு. நீயும் வா."

குவீன் ஸ்திரீட்டிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் பேருந்துகள் போகும். சனிக்கிழமைக் கூட்டம். வரிசையின் நடுவில் ஒரு மெலிந்த மனிதர், பக்கத்தில் கண் வீங்கிய ஒரு பெண், காலடியில் துணிப்பை.

மங்களம் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி அந்த மனிதரிடம் நீட்டினார்.

"படிங்க அண்ணே."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா. நீ படி" என்று பெண்ணிடம் கொடுத்தார். வசந்தா வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக. வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடித்ததும் அவரே ஒருமுறை தாளை வாங்கி, எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இவங்கதான் கூப்பிட்டாங்களா?"

"நான்தான் சொன்னேனேப்பா!" என்றாள் பெண். "அக்காதான் கூப்பிட்டாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

அவர் தாளை மடித்து மங்களத்திடம் திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான்.

"எழுதினது சரிம்மா. நான் நம்புறேன். ஆனா தோட்டத்துல இதை யாரு படிக்கப் போறா? அங்க எல்லாரும் கேட்டது போலீஸ் மட்டுந்தான். நாளைக்கு இவளுக்கு ஒரு எடம் பாக்கணும். நான் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவேன்?"

ஜெசிந்தா, நீ "ஒரு செகண்ட்" என்றாயே, உனக்கு நான் காட்ட நினைத்தது அந்த மனிதரின் முகத்தைத்தான். அதற்குமுன் அவர் எங்கள் தாளைக் கண்டதே இல்லை. தப்பான வரி அச்சாகவே இல்லை. நாங்கள் ஒரு கேள்வியை ஒரு தொலைபேசியில் கேட்டோம், அவ்வளவுதான். அது எங்களைவிட வேகமாக எல்லை தாண்டிவிட்டது. உன் கணினியில் அது கேள்வியாக இருக்காது, எழுத்தாகவே இருக்கும். நீ அழிப்பதற்குள் படித்தவர் எழுந்து போயிருப்பார். அவரை எங்கே போய் அழிப்பாய்?

பேருந்து வந்தது. அவர் பையைத் தூக்கினார். வசந்தா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

மங்களம் கைப்பையைத் திறந்தார். பிள்ளைகளை அழைத்துவர அடிக்கடி ஜொகூர் போகிறவர், அதனால் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எப்போதும் பையிலேயே இருக்கும். அதை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா, இன்னைக்கு ராத்திரிக்குப் பிள்ளைங்களுக்குச் சோறு இருக்கு. குழம்பு மட்டும் சூடு பண்ணச் சொல்லு. வாசலைப் பூட்டிட்டு நீ அங்கேயே படுத்துக்க."

"எங்கம்மா போறீங்க?"

"தோட்டத்துக்கு. யாரு படிக்கப் போறான்னு கேட்டாருல்ல? நான் படிச்சுக் காட்டறேன்."

நடத்துநர் கத்தினார். மங்களம் ஏறிவிட்டார். வசந்தாவின் அப்பா உள்ளிருந்து, "அய்யோ, வேணாம்மா, எதுக்கு இவ்வளவு தூரம்" என்று சொல்வது கேட்டது. "தள்ளி உக்காருங்கண்ணே" என்று மங்களம் பதில் சொல்வதும் கேட்டது.

அன்று நான் ஜெசிந்தாவையும் தூக்கிக்கொண்டு போய் அந்த விடுதியில் படுத்தேன். பிள்ளைகள் யாரும் தூங்கவில்லை. அடுத்த பேருந்தில் தங்கள் அப்பாவும் வருவாரோ என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. சாகுல் சார் எடுத்தார். நின்றுகொண்டுதான் எடுத்தார். ஆனால் இந்த முறை பேசாமல், ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"தாளு இன்னும் வேணும்" என்றார் மங்களம். குரல் கட்டியிருந்தது. "எங்கிட்ட இருந்ததை மாரியம்மன் கோயில் சுவத்துல ஒட்டிட்டாங்க."

"வசந்தா?"

"இப்ப எப்படி வருவா? அவ அப்பனுக்கும் ரோஷம் இருக்குல்ல. பொங்கல் கழிச்சுன்னு சொல்லியிருக்காரு. பாக்கலாம். நீ தாளை அனுப்பு."

மாற்றுத் தாள்கள் சந்தாதாரர்களுக்கு மட்டுமே என்பது செயலவையின் தீர்மானம். சாகுல் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை வேணும்?" என்று கேட்டேன்.

"அந்தத் தோட்டத்துல எத்தனை வீடு இருக்கோ, அத்தனை."